பறங்கிக் காசு: பழைய போர்த்துக்கீசிய நாணயம் சேர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவா சந்தையில் வாங்கி வந்த ஒரு காசு, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த ஒரு காசு, லிஸ்பனில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை கொண்டுவந்து கொட்டிய ஒரு கைப்பிடிச் சில்லறை. இந்தப் பைத்தியம் இப்படித்தான் பிடிக்கும். எனக்கு 1882ஆம் ஆண்டு கோவா வெள்ளி ருப்பியா ஒன்றில் பிடித்தது. புதிதாகச் சேர்க்க வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். "இது எவ்வளவு போகும்?" என்பதற்கு மட்டும் இங்கே பதில் இல்லை. முதலில் காசை வாசிப்போம், விலையை அப்புறம் பார்க்கலாம்.

கையில் இருப்பது போர்த்துக்கீசியக் காசுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆண்டையும் பெயரையும் தேடாதீர்கள், கேடயத்தைத் தேடுங்கள். ஒரு பெரிய கேடயம். அதற்குள் ஐந்து குட்டிக் கேடயங்கள் சிலுவை வடிவில் நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஐந்து புள்ளிகள். இதைக் 'கீனாஸ்' என்பார்கள். போர்ச்சுக்கலின் முதல் அரசர் அஃபோன்சோ என்ரிக்ஸ் 1139இல் ஊரிக் என்ற இடத்தில் ஐந்து மூர் (அங்கே ஆண்ட முஸ்லிம்) அரசர்களை வென்றார், அதன் நினைவுதான் ஐந்து கேடயங்கள், புள்ளிகள் கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் என்று ஒரு கதை உண்டு. கதை பிற்காலத்தில் கூட்டிச் சேர்த்தது. ஆனால் அந்த ஐந்து கேடயங்கள் இன்றுவரை அந்த நாட்டின் கொடியில் இருக்கின்றன. பெரிய கேடயத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் கோட்டைகள் இருந்தால், பெரும்பாலும் ஏழு, இன்னும் உறுதி.

மன்னர் காலத்துக் காசில் எழுத்து பெரும்பாலும் இலத்தீன். 'போர்ச்சுக்கலுக்கும் அல்கார்வேக்கும் (நாட்டின் தென்கோடிப் பகுதி) அரசன்' என்பதைச் சுருக்கிச் சுருக்கி விளிம்பில் ஓட்டியிருப்பார்கள். 'யு' வரவேண்டிய இடத்தில் 'வி' இருக்கும், 'ஜே' வரவேண்டிய இடத்தில் 'ஐ' இருக்கும். அதனால் ஜோவாவ் என்ற அரசர் காசில் 'இயோவான்னெஸ்' ஆகிவிடுவார். 1910க்குப் பிறகு அரசன் போய்விட்டான். 'குடியரசு' என்று போர்த்துக்கீசிய மொழியிலேயே எழுதியிருக்கும்.

இன்னொன்று: 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காசில் ஆண்டே இருக்காது. ஆண்டு இல்லை என்று பயந்து திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

ரியல், ரெய்ஸ், எஸ்கூடோ... இந்தக் கணக்கு என்ன?

ரியல் என்பது ஒருமை. பன்மை முதலில் 'ரெயைஸ்', நாளடைவில் தேய்ந்து 'ரெய்ஸ்'. மதிப்பும் கூடவே தேய்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒற்றை ரெய்ஸுக்கு ஒன்றும் வாங்க முடியாது. ஆயிரம் ரெய்ஸை ஒரு 'மில் ரெய்ஸ்' என்றார்கள், பத்து லட்சத்தை ஒரு 'கோன்ட்டோ' என்றார்கள். 1910 அக்டோபர் 5இல் குடியரசு வந்தது. அடுத்த ஆண்டு ஆயிரம் ரெய்ஸ் ஒரு எஸ்கூடோ ஆனது, அதற்கு நூறு சென்டாவோ. தசமப் புள்ளி போடும் இடத்தில் அவர்கள் டாலர் குறி மாதிரி ஒன்றைப் போடுவார்கள். இரண்டரை எஸ்கூடோ காசில் அந்தக் குறியைப் பார்த்துவிட்டு "சார், இது அமெரிக்கக் காசா?" என்று கேட்டவர்கள் உண்டு.

எதிலிருந்து தொடங்கலாம்?

தங்கத்திலிருந்து வேண்டாம். பணம் இருந்தாலும் வேண்டாம். நான் சொல்வது 'செய்த்தில்'.

1415இல் போர்த்துக்கீசியர் கடல் கடந்து வட ஆப்பிரிக்காவில் செயுத்தா என்ற துறைமுகத்தைப் பிடித்தார்கள். அவர்களுடைய கடல் பேரரசு அங்கேதான் தொடங்குகிறது. பின்னால் ஐந்தாம் அஃபோன்சோ காலத்தில் (1438–1481) ரியலில் ஆறில் ஒரு பங்கு மதிப்புக்கு ஒரு செப்புக்காசு வந்தது, அதுதான் செய்த்தில். அதன் பெயரை அந்த ஊரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். இரண்டு கிராம்கூட இருக்காத மெல்லிய தகடு. லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் மூன்று கோபுரக் கோட்டை, அதன் காலடியில் இரண்டு மூன்று வளைகோடுகள். அந்தக் கோடுகள்தான் கடல். மறுபக்கம் ஐந்து கேடயங்கள். அச்சு நடுவில் விழுந்த காசு பத்தில் ஒன்றுகூடத் தேறாது. கோட்டை பாதி தகட்டுக்கு வெளியே போயிருக்கும், எழுத்து ஒரு பக்கம் மட்டும் இருக்கும், விளிம்பைக் கத்தரியால் வெட்டியது மாதிரி இருக்கும். அவசர அவசரமாகச் சுத்தியலால் அடித்த ஏழைகளின் சில்லறை, அப்படித்தான் இருக்கும். நல்ல ஹோட்டலில் இரண்டு பேர் சாப்பிடும் பணத்துக்குள் ஒரு சுமாரான செய்த்தில் கிடைத்துவிடும். ஐநூறு வருடத்துக் காசு!

கோபுரத்தின் அமைப்பு, அலைகளின் எண்ணிக்கை, எழுத்துக்கு இடையே உள்ள புள்ளி என்று செய்த்திலில் எண்ணிக்கையில்லாத வகைகள் உண்டு. அதற்குள்ளேயே மூழ்கிப்போனவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

வாஸ்கோட காமா காலத்துக் காசு என்று சொல்லி விற்கிறார்களே, அது என்ன?

வாஸ்கோட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தபோது போர்ச்சுக்கலில் அரசர் முதலாம் மானுவல். அந்தக் காலத்துப் பெரிய பெயர்கள் மூன்று.

'குருசாடோ' அவருக்கு முந்தியது. 1453இல் கான்ஸ்டான்டினோப்பிள் துருக்கியர் கைக்குப் போனதும் போப் சிலுவைப்போருக்கு அழைத்தார். அதற்காக ஐந்தாம் அஃபோன்சோ 1457இல் அடித்த பொற்காசு இது. பெயரே சிலுவையிலிருந்து வந்ததுதான். போர் நடக்கவில்லை, காசு மட்டும் நின்றுவிட்டது. எடை சுமார் மூன்றரை கிராம், நம் கணக்கில் அரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு.

'போர்த்துகேஸ்' என்பது பத்து குருசாடோ மதிப்புள்ள ராட்சசக் காசு. சுமார் 35 கிராம், அதாவது ஏறக்குறைய நாலரைப் பவுன் தங்கம். அதன் விளிம்பில் இரண்டு வட்டமாக ஓடும் எழுத்தை வாசித்தால் மானுவல் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம் முழுதும் இருக்கும்: எத்தியோப்பியா, அரேபியா, பாரசீகம், இந்தியா ஆகியவற்றின் வெற்றி, கடற்பயணம், வணிகம் ஆகியவற்றுக்குத் தலைவன். கோழிக்கோட்டில் ஒரு கப்பல் கூட்டம் நங்கூரம் போட்டுவிட்டுத் திரும்பியதற்கு இத்தனை பட்டம்! ஆனால் ஐரோப்பாவில் இந்தக் காசுக்கு எவ்வளவு மதிப்பு என்றால், ஹாம்பர்க் முதலிய வட ஜெர்மன் வணிக நகரங்கள் இதைப் பார்த்துத் தாங்களும் பெரிய பொற்காசு அடித்து அதற்குப் 'போர்த்துகலோசர்' என்றே பெயர் வைத்தன.

மூன்றாவது 'இந்தியோ' என்ற வெள்ளிக்காசு. 1499இல் இந்திய வணிகத்துக்காகவே அடிக்கத் தொடங்கியது. உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறது. 1503இல் ஓமன் கரையோரத் தீவு ஒன்றில் புயலில் மூழ்கிய விசென்ட்டே சொத்ரேயின் கப்பலை (அவர் வாஸ்கோட காமாவின் தாய்மாமன்) 2013 முதல் தோண்டி ஆராய்ந்தபோது அதில் ஓர் இந்தியோ கிடைத்தது. கப்பல் எந்தக் காலத்தது என்று நிறுவ அந்த ஒரு காசு பெரிய உதவி.

ஆகையால் யாராவது "வாஸ்கோட காமா காசு" என்று உங்களிடம் நீட்டினால், 99 சதவீதம் அது 1898ஆம் ஆண்டு நினைவுக்காசு. அதுவும் நல்ல காசுதான், கீழே சொல்கிறேன்.

கப்பல் உடைந்த இடத்தில் காசு கிடைக்கும் என்பதெல்லாம் உண்மையா?

உண்மை, ஆனால் நமக்குக் கிடைக்காது. 2008இல் நமீபியாவின் கரையில் வைரச் சுரங்கத்துக்காகக் கடலைத் தடுத்து மண்ணை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு கப்பலைக் கண்டார்கள். 1533இல் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட 'போம் ஜேசுஸ்' அது என்பது ஆய்வாளர்களின் முடிவு. இரண்டாயிரத்துக்கு மேல் பொற்காசுகள், டன் கணக்கில் செம்புக் கட்டிகள், யானைத் தந்தங்கள். பொற்காசில் பெரும்பங்கு ஸ்பெயினுடையது. மூன்றாம் ஜோவாவின் போர்த்துக்கீசியக் காசுகள் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம்தான் காலத்தைக் காட்டிக்கொடுத்தது. மொத்தமும் நமீபிய அரசுக்குச் சொந்தம்.

கோவாவில் அடித்த காசுகள் எவை? எப்படி அடையாளம் காண்பது?

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

போர்த்துக்கீசிய ஆளுநர் அஃபோன்சோ த அல்புகெர்க் 1510 நவம்பர் 25இல் கோவாவைப் பிடித்தார். அன்று புனித கத்தரீனாள் திருநாள். அந்தப் புனிதரைச் சக்கரத்தில் கட்டிக் கொல்ல முயன்றார்கள் என்பது அவரது வரலாறு. ஆகவே சக்கரம் கோவாவின் சின்னமாகிவிட்டது. ஆரம் வைத்த வண்டிச் சக்கரம் மாதிரி ஒன்று காசில் தெரிந்தால் கோவாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அல்புகெர்க் அந்த ஆண்டிலேயே காசு அடிக்கத் தொடங்கிவிட்டார். வெள்ளிக்காசுக்கு 'எஸ்ஃபேரா' என்று பெயர்; காரணம் அதில் இருந்த வளையக் கோளம் (வளையங்களைக் கோர்த்த வானியல் கருவி), மானுவல் அரசரின் சொந்தச் சின்னம். செப்புக்குப் பெயர் 'லெயால்'. அடுத்த ஆண்டு மலாக்காவைப் பிடித்ததும் அங்கே வெள்ளீயத்தில் அடித்தார், ஏனென்றால் அந்த ஊரில் கொட்டிக்கிடந்த உலோகம் அது. போன ஊரில் எது கிடைக்கிறதோ அதில் காசு அடிப்பது பறங்கியர் வழக்கம்.

சந்தையில் உண்மையில் புழங்கியது 'பசருக்கோ'. செம்பு, வெள்ளீயம், ஈயம் என்று கைக்கு வந்ததில் எல்லாம் அடித்திருக்கிறார்கள். பெரும்பாலானவை தேய்ந்து, கருத்து, கூழாங்கல் மாதிரி இருக்கும். டீலர்களே இதைப் பழைய செப்புக் குவியலில் போட்டு வைத்திருப்பார்கள். என்னுடைய சக்கரப் பசருக்கோ ஒன்று, தஞ்சாவூர் மராட்டியர் செப்புக்காசுகளோடு கலந்து கிடந்த டப்பாவில் எடுத்தது. விற்றவருக்கும் தெரியாது, வாங்கிய அன்று எனக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து சாய்வான வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் ஆரங்கள் தெரிந்தன.

வெள்ளியில் முக்கியமானது 'ஷெராஃபிம்'. பெயர் அஷ்ரஃபி என்ற இஸ்லாமிய உலகப் பொற்காசின் பெயரிலிருந்து வந்தது. கணக்கு இப்படி: 60 ரெய்ஸ் ஒரு தாங்கா, 5 தாங்கா ஒரு ஷெராஃபிம், 2 ஷெராஃபிம் ஒரு ருப்பியா. கோவா ரெய்ஸும் லிஸ்பன் ரெய்ஸும் ஒரே மதிப்பு இல்லை, குழம்ப வேண்டாம். கேடயத்தின் இருபுறமும் பிரித்துப் போட்ட எழுத்துகள் காசு அடித்த அக்கசாலையைச் சொல்லும். 'ஜி–ஏ' என்றால் கோவா, 'டி–ஓ' என்றால் டையூ, 'டி–பி' என்றால் தமன்–வசாய்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டு, அவர்களுடைய ரூபாயின் அதே எடைக்கும் தரத்துக்கும் கோவா ருப்பியா வந்தது. லூயிஸ் மன்னர் முகத்தோடு 1881, 1882 ஆண்டுகளில் வந்த காசு, 11.66 கிராம், ஆயிரத்தில் 917 பங்கு வெள்ளி. விக்டோரியா ரூபாயையும் இதையும் தராசின் இரு தட்டில் வைத்தால் முள் அசையாது. பழைய பத்துத் தாங்காக் கணக்கு மாறி, 16 தாங்கா ஒரு ருப்பியா ஆனது. அதாவது தாங்கா ஓர் அணாவுக்குச் சமம்.

கடைசி அத்தியாயம் 1958. ருப்பியா போய், ஆறு எஸ்கூடோ ஒரு ருப்பியா என்ற கணக்கில் எஸ்கூடோ வந்தது. 10, 30, 60 சென்டாவோ, 1, 3, 6 எஸ்கூடோ என்று ஒரு வரிசை. முப்பது, அறுபது என்று விசித்திரமான மதிப்புகள் வந்ததற்கு அந்த ஆறால் பெருக்கும் கணக்குதான் காரணம். 1961 டிசம்பர் 18, 19இல் இந்தியப் படை உள்ளே போனது, எல்லாம் முடிந்தது. 1961 என்றே ஆண்டு பொறித்த 10 சென்டாவோ இருக்கிறது. இந்தக் கடைசி வரிசையில் உள்ள கேடயத்தை உற்றுப் பாருங்கள்: கத்தரீனாளின் சக்கரம் அங்கே இருக்கும். 451 வருடம்!

வரிசை முழுவதையும் சேர்ப்பது கடினமில்லை, செலவும் அதிகமில்லை. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் இரண்டாவது யோசனை இது.

'சாந்தோம் காசு' என்று ஒன்று உண்டாமே? மயிலாப்பூரில் அடித்ததா?

பெயர் மயிலாப்பூரை நினைவூட்டும், காசு கோவா அக்கசாலையுடையது. புனித தோமாவின் உருவம் பொறித்த பொற்காசு அது. கார்சியா த சா ஆளுநராக இருந்த 1548 வாக்கில் அடித்த பெரிய சாந்தோமில் 'இந்தியா உனக்கு இணங்கியது' என்று பொருள்படும் இலத்தீன் வாசகம் உண்டு. இணங்கியவர்களைக் கேட்டார்களா என்பது வேறு விஷயம். ஆனால் தோமாவைத் தேர்ந்ததற்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்மையானது. அவரது கல்லறை மயிலாப்பூரில்தான் என்று நம்பி 1520களில் அங்கே குடியேறியவர்கள் இதே போர்த்துக்கீசியர்; சாந்தோம் என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான். பிற்காலத்தில் தோமா உருவத்துக்குப் பதில் சிலுவை வந்தது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அசல் கைக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இலங்கையில்?

போர்த்துக்கீசியர் 1505இல் வந்தார்கள். கொழும்பை 1656இலும் யாழ்ப்பாணத்தை 1658இலும் டச்சுக்காரர்களிடம் இழந்தார்கள். போர்த்துக்கீசியர் காலத்து வெள்ளித் தாங்காக்களில் 'டி', 'ஏ' என்ற இரண்டு எழுத்தும் பிணைந்து நிற்கும், தாங்கா என்பதன் சுருக்கம். சிலவற்றில் மேலே இன்னொரு முத்திரை விழுந்திருக்கும்; அது டச்சுக் கம்பெனியின் முத்திரை. ஊரைப் பிடித்தவர்கள் காசை உருக்கக்கூட நேரம் செலவழிக்காமல் தங்கள் சின்னத்தைக் குத்திப் புழக்கத்தில் விட்டார்கள். இரண்டு ஆட்சி ஒரே வெள்ளித் தகட்டில். இவற்றோடு சேர்ந்தே புழங்கியது லாரின், வெள்ளிக் கம்பியை மடித்துத் தூண்டில் முள் மாதிரி வளைத்த காசு. அது பாரசீகத்தின் லார் நகரத்துப் பெயர் கொண்டது, போர்த்துக்கீசியருடையது அல்ல. டீலர் சேர்த்து விற்பார், நீங்கள் பிரித்துப் படியுங்கள்.

தமிழ்ச் சொல்லுக்கும் இந்தக் காசுகளுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நம் 'காசு' போர்த்துக்கீசியர் வாயில் 'காய்ஷா' ஆனது; கீழைநாட்டுச் சில்லறைக்கு ஆங்கிலேயர் சொன்ன 'கேஷ்' அங்கிருந்து போனது. 'பணம்' அவர்களுக்கு 'ஃபனாவ்', அதிலிருந்து ஆங்கிலத்தில் 'ஃபனம்'. வராகனை அவர்கள் 'பகோடே' என்றார்கள். பதிலுக்கு அவர்கள் நமக்குக் கொடுத்தவை சாவி, சன்னல், மேசை, அலமாரி. காசுப் பெயர் ஒன்றையும் நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன், 'துட்டு' டச்சுக்காரர்களுடையது.

பிரேசில் தங்கக் காசுகள் ஏன் இவ்வளவு பேசப்படுகின்றன?

1690களில் பிரேசிலின் உள்நாட்டில் தங்கம் அகப்பட்டது. மினாஸ் ஜெராய்ஸ் என்ற அந்தப் பகுதியின் பெயருக்கே 'பொதுச் சுரங்கங்கள்' என்றுதான் பொருள். ஐந்தாம் ஜோவாவ் (1706–1750) அந்தத் தங்கத்தில் குளித்தார். மாஃப்ரா அரண்மனை அதில் எழுந்ததுதான். அந்தக் காலத்து 'தொப்ராவ்' 53.78 கிராம். ஏறத்தாழ ஆறே முக்கால் பவுன், அதுவும் நம் நகைக்கடைக் கணக்கில் சரியாக 22 காரட். 1724 முதல் 1727 வரை மினாஸில் அடித்தவற்றில் சிலுவையின் நான்கு மூலையிலும் 'எம்' என்ற எழுத்து நிற்கும். 'ஆர்' இருந்தால் ரியோ, 'பி' இருந்தால் பாயியா.

அதிகம் ஓடியது 6,400 ரெய்ஸ் 'பெஸா', 14.34 கிராம். இங்கிலாந்தோடு 1703இல் மெத்யூன் ஒப்பந்தம் வந்ததால் போர்த்துக்கீசிய ஒயின் அங்கே போனது, ஆங்கிலேயக் கம்பளித் துணி போர்ச்சுக்கலுக்கு வந்தது. கணக்கில் விழுந்த துண்டைப் பிரேசில் தங்கம் அடைத்தது. ஆங்கிலேயருக்கும் அமெரிக்கக் குடியேற்றக்காரர்களுக்கும் இந்தக் காசு அவ்வளவு பழக்கம். காசில் இருந்த 'இயோவான்னெஸ்' என்ற பெயரைச் சுருக்கி 'ஜோ' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். அந்தத் தங்கத்தைத் தோண்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். காசின் பளபளப்பில் அது தெரியாது.

என் காசின் மேல் இன்னொரு காசின் எழுத்து மங்கலாகத் தெரிகிறது. பழுதா?

பழுதல்ல, அதிர்ஷ்டம். 1807இல் நெப்போலியன் படை வந்ததும் அரச குடும்பமே கப்பல் ஏறிப் பிரேசிலுக்குப் போனது. அங்கே வெள்ளி கிடையாது. ஸ்பானிய அமெரிக்காவின் எட்டு ரியல் காசுகளை வாங்கி அதன் மேலேயே 960 ரெய்ஸ் அச்சை அடித்தார்கள், 1810 முதல். அச்சு சரியாக இறங்காத இடத்தில் அடிக்காசு எட்டிப்பார்க்கும். என்னிடம் உள்ள ஒன்றில் வளையக் கோளத்துக்குக் கீழே ஸ்பெயின் அரசரின் மூக்கும் உதடும் தெரியும், சாய்த்துப் பிடித்தால் தலைமுடி ரிப்பன்கூடத் தெரியும். அடிக்காசின் ஆண்டும் அக்கசாலைக் குறியும் தெரிந்தால் விலை கூடும்.

போர்ச்சுக்கலிலும் இந்த ஒட்டுப்போடும் வேலை நடந்தது. 1834இல் ஸ்பானிய வெள்ளியில் சின்ன வட்ட முத்திரை குத்தி 870 ரெய்ஸ் ஆக்கினார்கள். அசோர்ஸ் தீவுகளில் 1887இல் புழங்கிய பலநாட்டுக் காசுகளில் கிரீடத்தின் கீழ் 'ஜி.பி.' என்று குத்தினார்கள். எல்லாவற்றையும் மிஞ்சியது 'மலூக்கோ'. அரச குடும்பத்து அண்ணன் தம்பிச் சண்டையில் நாடு இரண்டுபட்டபோது, இரண்டாம் மரியா ராணியின் பக்கம் நின்ற தெர்சேய்ரா தீவு (அசோர்ஸில் ஒன்று) 1829இல் காசுக்குத் தவித்தது. கோயில் மணிகளை உருக்கி 80 ரெய்ஸ் காசு வார்த்தார்கள். அடித்த காசு அல்ல, வார்த்த காசு. மேற்பரப்பு சொரசொரவென்று, ஓரம் கோணலாக இருக்கும். பெயருக்குப் பொருள் 'பைத்தியக்காரன்'!

இந்த முத்திரைகளில் போலி மிக அதிகம். பழைய அசல் காசை எடுத்து நேற்று முத்திரை குத்தியிருப்பார்கள். நிச்சயம் தெரிந்தவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

1898 வெள்ளிக்காசு நல்லதா?

நல்லது. இந்தியக் கடல்வழியின் 400ஆம் ஆண்டு நினைவாக 200, 500, 1000 ரெய்ஸ் என்று மூன்று. கார்லோஸ் மன்னரும் அமேலியா ராணியும் ஒட்டிய முகங்களாக ஒரு பக்கம், மறுபக்கம் கிறிஸ்து சபை என்ற வீரத்துறவியர் அமைப்பின் சிலுவை. 1000 ரெய்ஸ் 25 கிராம் வெள்ளி. வாசகம் 'இந்த அடையாளத்தால் வெல்வாய்'. பத்து வருடம் கழித்து, 1908 பிப்ரவரி 1இல், கார்லோஸும் மூத்த மகனும் லிஸ்பன் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே ஆண்டில் முடியாட்சியும் போய்விட்டது.

இரண்டு முகம், முக்காடு போட்ட ராணி இதெல்லாம் யார்?

எல்லாம் முதலாம் மரியா. 1777இலிருந்து கணவர் மூன்றாம் பெத்ரோவோடு இரட்டை முகம். 1786இல் அவர் இறந்ததும் கைம்பெண் முக்காட்டோடு தனி முகம். சில வருடத்தில் முக்காடு போய் நகை வைத்த தலையலங்காரம். ஒரு பெண்ணின் துக்கக் காலத்தை ஆண்டு வாரியாகக் காசில் பார்க்கலாம்.

போலியை எப்படிப் பிடிப்பது?

காந்தம் ஒட்டினால் தூர வையுங்கள், அவ்வளவு எளிது. ஒட்டாததுதான் தொல்லை. நான் செய்வது நீரில் எடை பார்ப்பது. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். காசை முதலில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துச் சுழியாக்கி, காசை நூலில் கட்டி, அடியில் படாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். கோவா ருப்பியா 11.66 கிராம் என்றால், தராசு 1.13 கிராமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 1.3க்கு மேல் போனால் அது வெள்ளி அல்ல, செம்பு–நிக்கலோ பித்தளையோதான். தேய்ந்த காசில் இரண்டு எண்ணும் சேர்ந்து குறையும், முதல் எடையை இரண்டாவதால் வகுத்தால் பத்தரைக்குச் சற்றுக் கீழே வரும்.

அப்புறம் விளிம்பு. வார்ப்புப் போலியில் நடுவே மெல்லிய தையல்கோடு ஓடும், இல்லையென்றால் அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். கண்காட்சி ஒன்றில் தங்கமுலாம் பூசிய சாந்தோம் ஒன்றைப் "பாட்டி காலத்துச் சொத்து" என்று ஒருவர் எனக்கு நீட்டினார். தையல்கோட்டைக் காட்டியதும் "சும்மா அழகுக்கு வெச்சுக்கோங்க சார்" என்று விலையைப் பத்தில் ஒன்றாக்கினார். வாங்கவில்லை.

கருத்துப்போன காசைத் தேய்த்துக் கழுவலாமா?

கூடாது. குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குகிற கை நம்முடையது, சும்மா இருக்காது. என் முதல் ருப்பியாவை நான் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று ஆக்கினேன். லூயிஸ் மன்னரின் தாடியில் இருந்த மயிரிழைக் கோடுகள் போய், முகம் முழுக்கக் கீறல். வீட்டில் எல்லோரும் "புதுசு மாதிரி இருக்கே" என்றார்கள். காட்டிய டீலர் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். இன்றும் வைத்திருக்கிறேன்.

மண் ஒட்டியிருந்தால் வெறும் காய்ச்சி வடித்த நீரில் ஊறவையுங்கள். வெள்ளியின் கருமை இருக்கட்டும். செம்பில் தூள் தூளாக உதிரும் வெளிர்பச்சைக் களிம்பு மட்டும்தான் நோய். கெட்டியான கரும்பச்சைப் படலம் காசுக்குப் போர்வை. பி.வி.சி. உறை போட்ட மலிவு ஆல்பம் வேண்டாம், சில வருடத்தில் காசு பிசுபிசுவென்று பச்சையாகும். நம் கடலோர ஊர் ஈரப்பதத்துக்கு சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

போர்ச்சுக்கல் ஏலப் பட்டியலில் 'எம்.பி.சி.' என்று இருக்கிறதே?

தர வரிசை. 'பி.சி.' என்றால் நன்றாகப் பேணப்பட்டது, 'எம்.பி.சி.' என்றால் மிக நன்றாகப் பேணப்பட்டது, அதற்கு மேல் 'பேலா', 'சோபேர்பா', உச்சியில் 'எஃப்.டி.சி.', அச்சிலிருந்து அப்படியே வந்தது. பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். 'நன்றாகப் பேணப்பட்டது' என்பது நம் பேச்சில் 'நல்லாத் தேய்ஞ்சது'.

சட்டச் சிக்கல் ஏதாவது உண்டா?

இந்தியாவில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் தொல்பொருள். உள்நாட்டில் வாங்கலாம், விற்கலாம். தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. லிஸ்பன் நண்பருக்குத் தபாலில் பசருக்கோ அனுப்பும் யோசனை வேண்டாம். மண்ணுக்குள் புதையலாகக் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். வாங்கும்போது பில் கேட்டு வாங்கி வையுங்கள்.

எஸ்கூடோ காசு நிறைய இருக்கிறது. யூரோவாக மாற்றலாமா?

முடியாது. 2002 பிப்ரவரி 28உடன் எஸ்கூடோ செல்லாமல் போனது. ஒரு யூரோவுக்கு 200.482 எஸ்கூடோ என்று மாற்றித் தந்தார்கள். காசுக்கு அந்த வசதி 2002 டிசம்பரோடும் நோட்டுக்கு 2022 பிப்ரவரியோடும் முடிந்துவிட்டது. ஆனால் கொட்டிவிடாதீர்கள். 1935 என்று ஆண்டு போட்ட ஒரு எஸ்கூடோ அதில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அந்த வரிசையில் அகப்படாத ஆண்டு அது.

நல்ல காசுகளை நேரில் எங்கே பார்ப்பது?

லிஸ்பன் போனால் போர்ச்சுக்கல் வங்கியின் பண அருங்காட்சியகம். பழைய சாவ் ஜூலியாவ் தேவாலயத்துக்குள் வைத்திருக்கிறார்கள். நிலவறையில் தினிஸ் அரசர் கட்டிய நகர மதிலின் ஒரு துண்டும் தெரியும். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் பணஜிக்குப் போங்கள். தலைமை அஞ்சலகத்துக்கு அருகே 'காசா த மொயேதா' என்று ஒரு பழைய வீடு உண்டு, ஒரு காலத்தில் அதுதான் அக்கசாலை. உள்ளே காசு எதுவும் பார்க்கக் கிடைக்காது. வெளியே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அப்படியே சந்தைப் பக்கம் போய்ப் பழைய சாமான் விற்பவர்களின் செப்பு டப்பாவைக் கிளறுங்கள். லூப் கொண்டுபோக மறக்காதீர்கள்.